தனியார் காப்பு நிலத்துக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காடு, புல்வெளி, சதுப்பு, கடற்கரை என எதையாவது கெடாமல் காப்பதற்கென்றே தனிமனிதர்களும் அறக்கட்டளைகளும் வைத்திருக்கும் நிலங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அரசுப் பூங்காவில் டிக்கெட் எடுத்து நுழைந்து பழகியவர்களுக்கு இங்கே என்ன செய்யலாம், என்ன கூடாது என்பதில் குழப்பம் வருவது சகஜம். அப்படி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தனியார் காப்பு நிலம் என்றால் சரியாக என்ன?

அரசு அல்லாத ஒருவர் கையில் இருக்கும், இயற்கையைக் காப்பதே முதல் வேலையாக இருக்கும் நிலம். அந்த ஒருவர் ஒரு குடும்பமாக இருக்கலாம், அறக்கட்டளையாகவோ நிறுவனமாகவோ இருக்கலாம். இது புதிய யோசனை ஒன்றுமில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இதற்கென ஓர் அறக்கட்டளை 1891-லேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் 1895-ல் பிறந்தது. 1899-ல் விக்கென் ஃபென் என்ற சதுப்பின் ஒரு சிறு துண்டை வாங்கியது. கோஸ்டா ரிக்காவின் மான்டெவெர்டே மேகக்காடு 1972 முதல் தனியார் காப்பகம். சிலியில் டாம்ப்கின்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் வாங்கிச் சேர்த்துக் காத்த நிலத்தில் 4 லட்சம் ஹெக்டேருக்கு மேல் 2018-ல் தேசியப் பூங்காக்களுக்காக அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்னொரு பக்கம், ஒரு குளமும் அதைச் சுற்றி நாலு ஏக்கரும் மட்டும் கொண்ட காப்பு நிலங்களும் உண்டு. அளவு எதுவானாலும் கீழே சொல்பவை பொருந்தும்.

"பாதுகாக்கப்பட்ட நிலம்" என்று போர்டு வைத்திருக்கிறார்களே. அப்படியென்றால் யாரும் போகலாம்தானே?

இல்லை. அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

அமெரிக்காவில் பரவலாக இருக்கும் ஒரு முறையை எடுத்துக்கொள்வோம். நிலத்தின் சொந்தக்காரர் ஓர் அறக்கட்டளையோடு ஒப்பந்தம் போடுகிறார்: இங்கே வீட்டுமனை போட மாட்டேன், காட்டை அழிக்க மாட்டேன், எனக்குப் பிறகு யார் வாங்கினாலும் அவரையும் இது கட்டுப்படுத்தும். பதிலுக்கு அவருக்கு வரிச்சலுகை கிடைக்கலாம். ஆனால் நிலம் அவருடையதுதான். வீடு, தோட்டம், மாடு எல்லாம் அங்கேயே இருக்கும். மக்கள் வந்து போகலாம் என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால்தான் உண்டு. பெரும்பாலானவற்றில் அப்படி எழுதியிருப்பதில்லை. வரைபடத்தில் பச்சையாகத் தெரிகிறது என்று நம்பிப் போய்விடாதீர்கள். அந்தப் பச்சை நிறம் நிலத்தின் நிலையைச் சொல்கிறதே தவிர, உங்களை வரவேற்கவில்லை.

நடமாடும் உரிமையைச் சட்டமே தரும் நாடுகள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. சுவீடனில் அடுத்தவர் நிலத்திலும் நடக்கலாம், ஓரிரவு கூடாரம் போடலாம். அது அங்கே நீண்டகால வழக்கம். ஸ்காட்லாந்தில் 2003-ன் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஏறக்குறைய எல்லா நிலத்திலும் நடக்கும் உரிமையைத் தருகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000-ல் வந்த சட்டம், வரைபடத்தில் குறிக்கப்பட்ட திறந்தவெளிகளுக்கு மட்டும்.

இந்த உரிமைகள் எல்லாமே "பொறுப்போடு நடந்துகொண்டால்" என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன. வீட்டு முற்றம், பயிர் நிற்கும் வயல், கூடு கட்டும் காலத்தில் மூடப்பட்ட பகுதி போன்றவற்றுக்கு விலக்கும் உண்டு. எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டு விதியைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு நாட்டில் செல்லுபடியாகும் உரிமை பக்கத்து நாட்டில் அத்துமீறலாகிவிடும்.

அனுமதி எப்படிக் கேட்பது?

எழுத்தில் கேளுங்கள். உரிமையாளருக்கு நீங்கள் யார் என்று தெரியாது; உங்கள் கடிதம்தான் உங்களைக் காட்டும். எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணிக்கு வந்து எப்போது கிளம்புவீர்கள், வண்டி எத்தனை, எதற்காக வருகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நாய், ட்ரோன், கூடாரம், அடுப்பு ஆகியவற்றில் எது கூட வந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "சும்மா சுற்றிப் பார்க்க" என்பதைவிட "கிழக்குப் பக்கக் குளத்தில் காலையில் இரண்டு மணி நேரம் பறவை பார்க்க" என்று எழுதினால் பதில் சீக்கிரம் வரும். எந்தப் பகுதிக்குப் போகக்கூடாது என்பதையும் நீங்களே கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வி பல கதவுகளைத் திறந்துவிடும்.

பதில் வரவில்லை என்றால் அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம். ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். கிடைத்த அனுமதியும் அந்த ஆட்களுக்கும் அந்த நாளுக்கும்தான். நண்பருக்குக் கிடைத்ததை வைத்துக்கொண்டு நீங்கள் நுழைய முடியாது. நாலு பேர் என்று சொல்லிவிட்டுப் பதினோரு பேர் போய் இறங்குவது அநியாயம். காரணம் கேட்கும் உரிமையாளரிடம் "எல்லாம் குழந்தைகள்தான்" என்று சமாளிப்பது அதைவிட மோசம்.

வேலியும் இல்லை, போர்டும் இல்லை. அப்போது?

அதையே அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெக்சாஸ் உள்ளிட்ட பல அமெரிக்க மாநிலங்களில் மரத்தில் தீட்டிய ஊதா நிறப் பட்டையே "நுழையாதே" என்பதற்குச் சமம். சட்டம் அதை ஏற்கிறது. தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் பெயின்ட்.

கேட்டைத் திறந்தால் மூடிவிட வேண்டும், அவ்வளவுதானே?

இருந்தபடியே விட வேண்டும். மூடியிருந்தால் மூடுங்கள். திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும். மாடுகள் தண்ணீருக்குப் போக வேண்டும் என்று யாரோ திறந்து வைத்திருக்கலாம்.

இரட்டை கேட் இருக்கும் இடங்களில் இது இன்னும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் நடுவில் நியூஹேவன் என்ற இடத்தில் ஒரு தனியார் காப்பு அமைப்பு 2018-ல் 44 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூனைத் தடுப்பு வேலி போட்டு முடித்தது. உள்ளே இருந்த, காடேறிய வீட்டுப்பூனைகளையும் நரிகளையும் அகற்றிவிட்டு, அவற்றுக்கு இரையாகி அழிந்துவந்த மாலா என்ற சிறு வாலபியை (கங்காருவின் சிறிய உறவு) கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட வேலிக்குள் ஒரே ஒரு பூனை நுழைந்தாலும் பல வருட உழைப்பு வீணாகலாம். முதல் கேட்டைத் தாண்டி, அதை மூடி, தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் இரண்டாவதைத் தொட வேண்டும். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொண்டு நிற்கும் மரியாதையெல்லாம் இங்கே கூடாது.

ஷூவைக் கழுவிவிட்டு வரச் சொல்கிறார்கள். இது கொஞ்சம் அதிகமாகப் படவில்லையா?

படலாம். ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நியூசிலாந்தின் கவுரி மரங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழக்கூடியவை. மண்ணில் வாழும் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் அவற்றின் வேரைத் தாக்கிக் கொல்கிறது. அதை ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. அது ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போகக் குண்டூசித் தலையளவு மண் போதும். அந்த மண் ஷூவின் அடியில் வந்து சேர்கிறது. அதனால்தான் அங்கே பல பாதைகளின் தொடக்கத்தில் பிரஷும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். சில பாதைகளை மூடியே விட்டார்கள்.

வட அமெரிக்காவில் வௌவால்களுக்கு வந்த வெண்மூக்கு நோயும் இதே மாதிரிதான். 2006-ல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு குகையில் முதலில் தெரிந்தது. அதன்பின் லட்சக்கணக்கில் வௌவால்கள் செத்தன. நோயைப் பெரும்பாலும் வௌவால்களே ஒன்றுக்கொன்று பரப்புகின்றன. ஆனால் பூஞ்சையின் வித்துகள் குகைக்குள் போய்வந்தவர்களின் துணியிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு புது இடங்களுக்கும் போகக்கூடும். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஈரமான மண்ணிலும் தண்ணீரிலும் பயணம் செய்யும். மேலே சொன்ன மான்டெவெர்டேவில் மட்டுமே வாழ்ந்த தங்கத் தேரையை 1989-க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அதற்கு இந்தப் பூஞ்சையும் காலநிலை மாற்றமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எத்தனை பாதுகாப்பான வேலி போட்டிருந்தாலும் நோய்க்கு அது ஒரு தடையில்லை.

எப்படிச் சுத்தம் செய்வது? ஷூவைத் தலைகீழாகத் திருப்பி, பள்ளங்களில் அப்பியிருக்கும் மண்ணை ஒரு குச்சியால் குத்தி எடுங்கள். பிறகு பிரஷ், தண்ணீர். கிருமிநாசினி தெளிப்பது அதற்குப் பிறகுதான். மண் இருக்கும்வரை மருந்து உள்ளே இறங்காது. ஷூ நாக்கின் உட்பக்கம், லேஸ் கோக்கும் துளைகள், வெல்க்ரோ பட்டை, பேன்ட்டின் மடிப்பு, பையின் அடிப்பகுதி, கேமரா ஸ்டாண்டின் கால்கள் ஆகிய எல்லாவற்றையும் பாருங்கள். ஒட்டுவிதை உட்காருவது இங்கெல்லாம்தான். வெல்க்ரோவில் மாட்டிய விதையை நகத்தால் ஒவ்வொன்றாகத்தான் பிடுங்க வேண்டும். பிடுங்கியதை அங்கேயே தரையில் உதிர்த்துவிடாதீர்கள். ஒரு கவரில் போட்டு வீட்டுக் குப்பையில் சேருங்கள். இதை வீட்டிலிருந்து கிளம்பும்போதும், அங்கிருந்து திரும்பும்போதும் செய்ய வேண்டும். ஒரே நாளில் இரண்டு இடம் போகிறீர்களா? நடுவிலும்.

விறகை வீட்டிலிருந்து கொண்டு போகலாமா?

கூடாது. 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது. அது தூரதூரமாகப் பரவ முக்கியமான வழி, ஆட்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன விறகு. நெருப்புக்கு அனுமதி இருந்தால் அங்கேயே கிடைப்பதை, அவர்கள் தருவதை எரியுங்கள்.

பாதை முழுக்கச் சேறு. ஓரமாக ஒதுங்கிப் போகலாமா?

சேற்றிலேயே நடங்கள். ஒவ்வொருவரும் ஓரடி ஒதுங்கினால் ஒற்றையடிப் பாதை ஒரு பருவத்தில் வண்டிப்பாதை அகலத்துக்கு ஆகிவிடும். ஷூ நனையக்கூடாது என்றால் காய்ந்த பிறகு வாருங்கள்.

வறண்ட நிலங்களில் நிலைமை வேறு. மேலே கறுப்பாக, பொருக்குப் பொருக்காகத் தெரியும் மண் உண்மையில் உயிருள்ளது. நீலப்பச்சைப் பாசி, பாசிச்செடி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் தோல் அது. ஒரு மிதியில் நொறுங்கும். மறுபடி உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அங்கே பாறை மேலேயோ, தண்ணீர் ஓடிய மணல் தடத்திலேயோ கால் வையுங்கள்.

ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோலத் தத்தித் தத்தி ஓடியது. பிடித்துக் காப்பாற்ற வேண்டாமா?

பெரும்பாலும் அதற்கு அடி எதுவும் பட்டிருக்காது. தரையில் முட்டையிடும் பல பறவைகள், ஆபத்து நெருங்கினால் இறக்கையை இழுத்துக்கொண்டு நாடகமாடும். நீங்கள் அதன் பின்னால் போக வேண்டும் என்பதே அதன் திட்டம். கூட்டிலிருந்து உங்களை அப்புறப்படுத்திய பிறகு விருட்டென்று பறந்துவிடும். ஆகவே அந்த நொடியில் நில்லுங்கள். முட்டையோ குஞ்சோ உங்கள் காலடிக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது, கூழாங்கல்லும் அதுவும் ஒரே நிறம். கீழே பார்த்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்புங்கள். தேடிப் படமெடுக்க வேண்டாம். தாய் கூட்டை விட்டு விலகியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை வெயிலில் வேகும், அல்லது காகம் பார்த்துவிடும்.

என் நாய் ரொம்பச் சாது. கூட்டிப் போகலாமா?

உங்களுக்குச் சாதுதான். முயலுக்கும் தரைப்பறவைக்கும் அது ஓநாயின் உறவு. இங்கிலாந்தின் திறந்தவெளிச் சட்டப்படி மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குட்டைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். கால்நடை அருகில் வருடம் முழுக்க. பல தனியார் காப்பு நிலங்களில் நாய்க்கே அனுமதி இல்லை. கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் யோசிக்காத விஷயம் ஒன்று: உண்ணி மருந்து. நாயின் முதுகில் ஊற்றும் மருந்துகளில் இருக்கும் ஃபிப்ரோனில், நாய் தண்ணீரில் குதித்தால் கரைந்து இறங்கும். இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது இருந்ததை 2020-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆற்றுக்கே இந்தக் கதி என்றால் சின்னக் குட்டையை நினைத்துப் பாருங்கள். நாயைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

போட்டோ, வீடியோ, ட்ரோன்?

போட்டோவை யாரும் பெரும்பாலும் தடுப்பதில்லை. ட்ரோனுக்குத் தனி அனுமதி வேண்டும். கூடு கட்டும் பறவைகளுக்கு மேலே வட்டமிடும் எதுவும் வேட்டைப் பறவைதான். பறவையின் குரலை ஃபோனில் போட்டு வெளியே வரவழைக்கும் வேலை வேண்டாம். அது தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நினைத்துச் சண்டைக்கு வருகிறது. உங்களுக்குப் போஸ் கொடுக்க வரவில்லை.

பெரிய ஆபத்து இடத்தைச் சொல்வதில்தான். அரிய ஆர்க்கிட், கள்ளி, ஆமை ஆகியவற்றைத் திருடி விற்கும் கூட்டம், மக்கள் போடும் பதிவுகளிலிருந்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஃபோனில் எடுக்கும் படத்துக்குள்ளேயே இருப்பிட எண்கள் பதிந்திருக்கும்; பகிரும் முன் அதை நீக்குங்கள். பின்னணியில் தெரியும் மலை முகடோ பெயர்ப்பலகையோ கூடக் காட்டிக்கொடுக்கும். மக்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே சுமார் 20 கிலோமீட்டர் சதுரத்துக்குள் மங்கலாக்கிவிடும். ஆனால் குறிப்புப் பகுதியில் நீங்களே "இரண்டாவது பாலம் தாண்டி இடதுபுறம்" என்று எழுதிவைத்தால் அந்தத் தளம் என்ன செய்யும்?

காக்கிறோம் என்று சொல்லிவிட்டு மரத்தை வெட்டுகிறார்கள், புல்லை எரிக்கிறார்கள். இது என்ன நியாயம்?

பெரும்பாலும் நியாயம்தான். புல்வெளியை விட்டுவிட்டால் புதர் ஏறும், பிறகு மரம் ஏறும். புல்லை நம்பிய பூச்சியும் பறவையும் போய்விடும். தீயோடு பழகி வளர்ந்த நிலங்களில், குளிர்ந்த நாளாகப் பார்த்து, காற்றைப் பார்த்து, கட்டுப்பாடாக எரிப்பது பெருந்தீயைத் தடுக்கும். வெட்டுப்பட்ட மரம் வெளியிலிருந்து வந்து பரவிய இனமாக இருக்கலாம். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புகளில் கோரையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை அறுக்காவிட்டால் சதுப்பே காய்ந்து காடாகிவிடும்.

இதே போலக் குப்பை மாதிரித் தெரிவதும் குப்பையாக இருக்காது. புல்லில் போட்டிருக்கும் தகரத்தின் அடியில் பாம்பும் பல்லியும் ஒதுங்கும். அதைத் தூக்கிப் பார்த்துத்தான் கணக்கெடுக்கிறார்கள். நீங்கள் தூக்காதீர்கள், அவற்றின் சூடும் ஈரமும் போய்விடும். குச்சியில் கட்டிய கலர் ரிப்பன் ஏதோ ஒரு செடியின் அடையாளம். அதை "சுத்தம் செய்கிறேன்" என்று அவிழ்த்தால் ஒரு பருவத்தின் பதிவு காலி. மரத்தில் கட்டிய கேமராப் பொறியை, அதாவது விலங்குகளைத் தானாகப் படமெடுக்கும் கேமராவை, தொட வேண்டாம். விழுந்து கிடக்கும் கட்டையையும் புரட்ட வேண்டாம்.

பிளாஸ்டிக் கவர் கிடந்தால் தாராளமாக எடுங்கள். அதில் சந்தேகமே இல்லை.

காளான், பூ, இறகு எடுத்துக்கொள்ளலாமா?

கேட்காமல் எதையும் எடுக்க வேண்டாம். சில நாடுகளில் காட்டுப்பறவையின் இறகை வைத்திருப்பதே குற்றமாகலாம்.

அங்கே வேட்டை நடக்கிறது என்கிறார்களே?

சில இடங்களில் நடக்கிறது. மானை உண்ணும் விலங்கு இல்லாமல் போன காடுகளில் மான் பெருகி, முளைக்கும் கன்றையெல்லாம் தின்று தீர்த்துவிடும். அதனால் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் போகாமல் இருக்கலாம். போவதென்றால் எந்த நாட்கள் என்று கேட்டுத் தவிருங்கள். முடியாவிட்டால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கி போடுங்கள்.

காலை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், பணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளரின் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் இருக்கின்றன. அந்தத் தைரியத்தில்தான் பலர் திறந்தே வைத்திருக்கிறார்கள். உறுதிமொழிப் படிவம் நீட்டினால் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், கோபப்படாதீர்கள். ஃபோன் சிக்னல் இருக்காது என்று நினைத்துக்கொண்டே கிளம்புங்கள். எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

யாருமே போகாமல் இருந்தால் இயற்கைக்கு இன்னும் நல்லதுதானே?

சில இடங்களுக்கு ஆமாம். வௌவால் உறங்கும் குகைக்கும், கடற்பறவை கூடு கட்டும் தீவுக்கும் ஆள் போகாமல் இருப்பதே பெரிய உதவி. அங்கே "இல்லை" என்று பதில் வந்தால் நான் உரிமையாளர் பக்கம்தான்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பென்சில்வேனியாவில் ஒரு மலைமுகடு. இலையுதிர் காலத்தில் வலசை போகும் பருந்துகள் அதன் வழியாகத் தாழப் பறக்கும். துப்பாக்கிக்காரர்கள் அங்கே உட்கார்ந்து அவற்றைச் சுட்டுக் குவித்துக்கொண்டிருந்தார்கள். 1934-ல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையில் சுமார் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஒரு காவலரை நியமித்தார். துப்பாக்கிச் சூடு நின்றது. அதே முகட்டுக்கு இப்போது துப்பாக்கிக்குப் பதிலாகப் பைனாகுலரோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஹாக் மவுன்டன் என்ற அந்தக் காப்பகத்தில் அன்று தொடங்கிய பருந்துக் கணக்கு, டிடிடி பூச்சிமருந்து கழுகுகளை என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளப் பின்னாளில் சான்றாக உதவியது. பார்க்க வருகிறவர்கள் இருப்பதும் ஒரு காவல்தான். நுழைவுக் கட்டணம் வாங்கும் இடங்களில் அந்தப் பணமும் வேலிக்கும் காவலர் சம்பளத்துக்கும் போகிறது. வாங்காத இடங்களில் உண்டியல் இருந்தால் கடந்து போய்விடாதீர்கள்.

தவறு செய்கிறவர்களைப் பார்த்தால் என்ன செய்ய?

சண்டைக்குப் போகாதீர்கள். நாயை அவிழ்த்துவிட்டவரிடம் "இங்கே தரையில் கூடு இருக்கிறதாம்" என்று சாதாரணமாகச் சொன்னால் பெரும்பாலும் போதும். செடி திருடுவது, பொறி வைப்பது போன்றவற்றைக் கண்டால் நேரமும் இடமும் குறித்துக்கொண்டு, தள்ளிப் போய் உரிமையாளருக்குச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

ஒரு வரி நன்றி எழுதுங்கள், கூடவே உபயோகமான தகவலையும் அனுப்புங்கள்: பார்த்த இனங்களின் பட்டியல், பாதையில் விழுந்து கிடக்கும் மரம், அறுந்த கம்பி, இதற்கு முன் அங்கே இல்லாத ஒரு களைச்செடி. சின்ன அறக்கட்டளைகளில் இரண்டு மூன்று பேர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். உங்கள் கண் அவர்களுக்குக் கூடுதல் கண். எதையாவது வெளியிடப் போகிறீர்கள் என்றால் இடத்தின் பெயரைப் போடலாமா என்று முதலில் கேளுங்கள். அடுத்த வருடம் மறுபடி போக ஆசை என்றால் பழைய கடிதத்தை நீட்டாமல் புதிதாக அனுமதி வாங்குங்கள். நிலம் கைமாறியிருக்கலாம், அல்லது போன முறை நீங்கள் உட்கார்ந்திருந்த மேட்டில் இந்த முறை ஏதோ ஒன்று முட்டையிட்டிருக்கலாம்.